மேட்டில் நடக்கலாம், தார்ச்சாலையில் முடியாது

"நூறு மைல் மலையில் ஓடுகிறவருக்கு 42 கிலோமீட்டர் தார்ச்சாலை ஒரு பொருட்டா" என்கிறது மலை ஓட்டம் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. நான் இடுக்கி மலையிலுள்ள பூப்பாறைக்காரன். ஏலத்தோட்டப் பாதைகளில்தான் ஓடிப் பழக்கம். இதே நினைப்போடு கொச்சிக்குப் போய் ஒரு மாரத்தான் ஓடிப் பட்டவன். மூச்சு தாங்கியது, கெண்டைக்கால் தாங்கவில்லை. 30 கிலோமீட்டரில் பிடித்துக்கொண்டது. (கடலோரப் புழுக்கம் தனிக் கதை.)

மலையில் ஒவ்வொரு அடியும் வேறு மாதிரி விழும். மேடு செங்குத்தானால் கையைத் தொடையில் ஊன்றி நடந்துவிடலாம், பெரிய வீரர்களே நடப்பார்கள். சமதளச் சாலையில் அந்தச் சலுகை கிடையாது. ஒரே தசை, ஒரே அடி, கடைசிவரை.

அமெரிக்க மலை ஓட்ட வீரர் ஜிம் வாம்ஸ்லியையே பாருங்கள். 2019இல் கலிஃபோர்னிய மலைப்பாதையில் நடக்கும் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100 மைல் ஓட்டத்தை 14 மணி 9 நிமிடத்தில் முடித்துச் சாதனை படைத்தவர். அது கிலோமீட்டருக்கு ஐந்தேகால் நிமிட வேகம். அடுத்த பிப்ரவரியில் அட்லாண்டாவில் நடந்த அமெரிக்க ஒலிம்பிக் தகுதி மாரத்தானில் கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 12 வினாடி! 2:15:05இல் 22ஆவதாக வந்தார். முதலில் வந்த கேலன் ரப்புக்கு 2:09:20. "22ஆவதுதானா" என்று சிலர் சிரித்தார்கள். அவருக்கு அதுதான் முதல் மாரத்தான், பாதையும் ஏற்ற இறக்கம் நிறைந்தது. எனக்கென்னவோ அது பெரிய ஓட்டமாகத்தான் படுகிறது.

சரி, என் நேரம் 4 மணி 50 நிமிடம். திரும்பும்போது அடிமாலி வரை பஸ்ஸில் காலை மடக்கவே முடியவில்லை.