அடுத்த எம்3: எல்லோரும் சிலிண்டரை எண்ணுகிறார்கள், எடையைக் கேட்பாரில்லை

பி.எம்.டபிள்யூவின் வேகக் காரான எம்3 அடுத்த தலைமுறையில் எப்படி இருக்கும் என்று கார் பைத்தியங்கள் முட்டி மோதிக்கொள்ளும் காலம் இது. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதை பக்கம், உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைச் சுழி ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு பி.எம்.டபிள்யூ செடான் ஓடினால் போதும். பின்னால் சைலன்சர் குழாய் தெரிகிறதா, சக்கர வளைவு எவ்வளவு புடைத்திருக்கிறது, மின்சார வாகனம் என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஆளுக்கொரு ஜாதகம் கணிக்கிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். இருந்தாலும் கூட்டம் மொத்தமும் தப்பான இடத்தில் நின்று கத்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில், நமக்கு உறுதியாகத் தெரிந்தது என்ன? ஒன்றல்ல, இரண்டு எம்3. 'நோயே கிளாஸே' என்ற புதிய தளத்தில் முழு மின்சார எம் செடான் 2027-இல் தொடங்கி வரும் என்று நிறுவனமே சொல்லிவிட்டது. நான்கு மோட்டார், சக்கரத்துக்கு ஒன்று. 800 வோல்ட் மின்னமைப்பு, 100 கிலோவாட் மணிக்கு மேல் பேட்டரி, தேவையில்லாதபோது முன் அச்சைக் கழற்றிவிடும் வசதி, செயற்கையான கியர் மாற்றம், அதற்கேற்ற ஒலி. இன்னொரு பக்கம் பெட்ரோல் எம்3-யும் ஆறு சிலிண்டருடன் தொடரும் என்று வேகக் கார்களுக்கான எம் பிரிவின் தலைவர் ஃபிராங்க் வான் மீல் பலமுறை சொல்லியிருக்கிறார். ரசிகர்கள் பெட்ரோல் காரை ஜி84, மின்சாரக் காரை இசட்.ஏ.0 என்று குறியீட்டுப் பெயரில் கூப்பிடவே ஆரம்பித்துவிட்டார்கள். மற்றதெல்லாம் ஊகம்.

ஊகத்தில் முக்கால்வாசி ஒரே புலம்பலைச் சுற்றி வருகிறது: சத்தம் இல்லாத எம்3 எம்3-யே அல்ல.

இந்தப் புலம்பலுக்கு வயது அதிகம். 1986-இல் விற்பனைக்கு வந்த முதல் எம்3, அதாவது இ30 என்ற குறியீடு கொண்ட தலைமுறை, நான்கு சிலிண்டர் கார். இன்று 'ஆறு சிலிண்டர்தான் எம்3-யின் ஆன்மா' என்று சத்தியம் செய்பவர்கள் வசதியாக மறந்துவிடும் விஷயம் இது. குரூப் ஏ பந்தயத்துக்குத் தகுதி பெற 12 மாதத்தில் 5,000 கார் செய்தாக வேண்டும் என்ற விதியால் பிறந்த வண்டி அது. எஞ்சின் வல்லுநர் பால் ரோஷே, ஏற்கெனவே இருந்த ஆறு சிலிண்டர் எஞ்சினின் தலைப்பகுதியில் இரண்டு சிலிண்டர் அளவை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை நான்கு சிலிண்டர் பிளாக்கின் மேல் உட்கார வைத்துப் பார்த்ததில்தான் அதன் எஞ்சின் தொடங்கியது. அது செடான்கூட அல்ல, இரண்டு கதவு வண்டி.

அடுத்து வந்த இ36-க்கு ஆறு சிலிண்டர் கொடுத்தார்கள். சொகுசாகிவிட்டது, பந்தய வாசனை போய்விட்டது என்றார்கள். (அமெரிக்கர்களுக்கு அதிலும் 240 குதிரைத்திறன் உள்ள மட்டமான எஞ்சின்தான் கிடைத்தது, அவர்கள் கோபம் நியாயமானது.) 2007-இல் இ90, இ92 தலைமுறைக்கு வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின், வந்தது. மூக்கு கனத்துவிடும் என்று பயந்தார்கள். உண்மையில் அந்த வி8 எஞ்சினின் எடை 202 கிலோ, முந்தைய ஆறு சிலிண்டரைவிட 15 கிலோ குறைவு. நிமிடத்துக்கு 8,300 சுற்றில் 420 குதிரைத்திறன். இன்று அந்தச் சத்தத்துக்காகவே உருகுகிறார்கள். 2014-இல் எஃப்80-க்கு டர்போ வந்தபோது, சத்தம் செத்துவிட்டது என்று ஒப்பாரி. அந்தக் காரில் எஞ்சின் சத்தத்தின் ஒரு பகுதி ஸ்பீக்கர் வழியாகத்தான் உள்ளே வந்தது என்பதை இப்போது யாரும் பேசுவதில்லை. ஆக, செயற்கை ஒலி என்ற பாவம் எம்3-க்குள் நுழைந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்புறம் அடுத்த தலைமுறையான ஜி80-யின் மூக்கு. அந்தப் பெரிய கிரில்லைப் பார்த்து முகம் சுளிக்காதவர் யார்?

இந்த வரலாற்றை எடுத்து வைத்து எதிர்த்தரப்பு ஒரு வாதம் செய்கிறது. 'ஒவ்வொரு தலைமுறைக்கும் அழுதீர்கள், பிறகு கொண்டாடினீர்கள், இதையும் கொண்டாடுவீர்கள், போங்கள்.' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரசிகர்களின் முணுமுணுப்பு எப்போதும் வெறும் பழம்பெருமைதான் என்று முடிவு கட்டினால், போட்டியாளர் மெர்சிடிஸின் ஏஎம்ஜி பிரிவு இருக்கும் அஃபால்டர்பாக்கில் நடந்ததை எங்கே வைப்பது?

மெர்சிடிஸ் ஏஎம்ஜி சி63-ஐத்தான் சொல்கிறேன். 2007-இல் வந்த முதல் சி63-யில் 6.2 லிட்டர் வி8, அடுத்ததில் 4 லிட்டர் இரட்டை டர்போ வி8. அந்த வண்டியை வாங்கியவர்களில் பாதிப்பேர் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பக்கத்து வீட்டு ஜன்னல் அதிர வேண்டும் என்பதற்காகவே வாங்கினார்கள். 2022-இல் புதிய சி63 வந்தது: 2 லிட்டர் நான்கு சிலிண்டர், பின் அச்சில் 204 குதிரைத்திறன் மின்மோட்டார், இரண்டும் சேர்ந்து 680 குதிரைத்திறன், 1,020 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை). காகிதத்தில் பழைய வி8 கிட்டவே வர முடியாது. ஆனால் எடை 2,100 கிலோவைத் தாண்டிவிட்டது. நாலு சிலிண்டரா என்று ரசிகர்கள் ஆரம்பத்திலேயே முகம் திருப்பிக்கொண்டார்கள். எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. ஆறு சிலிண்டர் பக்கம் ஏஎம்ஜி திரும்பும் பேச்சு இப்போது பலமாகவே அடிபடுகிறது.

அப்படியானால் ரசிகன் சொன்னால் சந்தை கேட்கும் என்றாகிறதா? அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை. 2022-இலும் 2023-இலும் பி.எம்.டபிள்யூ எம் பிரிவு உலகம் முழுக்க அதிகம் விற்ற மாடல் எது தெரியுமா? ஐ4 எம்50. மின்சாரக் கார். முழு எம் கார் அல்ல, எம் முத்திரை குத்தியது என்று வாதாடலாம், வாதாடுகிறார்கள். இருந்தாலும் எம் முத்திரைக்குக் காசு கொடுப்பவர்களில் பெரும்பகுதிக்குச் சைலன்சர் சத்தம் ஒரு பொருட்டாக இல்லை என்பது விற்பனைக் கணக்கிலேயே இருக்கிறது. ஊகம் செய்கிற கூட்டமும் செக் எழுதுகிற கூட்டமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள், எம்3-யின் ஒரு டயர் மாற்றும் செலவைக் கேட்டாலே எனக்குத் தலை சுற்றும்.

சரி, இப்போது எடைக்கு வருகிறேன். இ36 எம்3 ஏறக்குறைய 1,460 கிலோ. வி8 போட்ட இ90 செடான் 1,605. எஃப்80-யில் அரிதாக ஒரு காரியம் செய்தார்கள்: எடையைக் குறைத்து 1,520-க்குக் கொண்டுவந்தார்கள். ஜி80-யில் அது 1,705-க்கு ஏறியது, நான்கு சக்கர இயக்கம் உள்ளது 1,780. மின்சார எம்3-யில் 100 கிலோவாட் மணி பேட்டரியும் நான்கு மோட்டாரும் இருக்கப்போகின்றன. ஐ4 எம்50 இரண்டு மோட்டாரோடும் அதைவிடச் சிறிய பேட்டரியோடும் 2,215 கிலோ. எனவே புதியது 2,200 கிலோவுக்குக் கீழே வந்தால் ஆச்சரியப்படுவேன். எம்3-யின் அண்ணனான இப்போதைய எம்5 ஹைப்ரிட் ஆனதும் 2,435 கிலோவில் நின்றதைப் பார்த்தோம், முந்தைய எம்5-ஐவிட அரை டன்னுக்கு மேல் கூடுதல். 727 குதிரைத்திறன் இருக்கிறதே என்றார்கள். நேர்சாலையில் அந்தப் பதில் செல்லும். வளைவுக்கு முன் பிரேக் அடிக்கும் இடத்தில் செல்லாது.

நான்கு மோட்டாரால் எடையை மறைக்க முடியும் என்பது உண்மை. இடது பின் சக்கரத்துக்கு இவ்வளவு, வலதுக்கு அவ்வளவு என்று கணத்துக்குக் கணம் டார்க்கைப் பிரித்துக் கொடுத்தால், இடது வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் எந்த இயந்திர டிஃபரென்ஷியலாலும் முடியாத அளவுக்குக் காரின் மூக்கை வளைவுக்குள் இழுத்துவிடலாம். 'ஹார்ட் ஆஃப் ஜாய்' என்று பெயர் வைத்திருக்கும் கணினிப் பெட்டி அந்த வேலைக்குத்தான். ஆனால் இது நல்ல தையல்காரர் தொந்தியை மறைப்பது மாதிரி. மூன்றாவது மாடி ஏறும்போது மூச்சு வாங்கத்தான் செய்யும். கூடுதலான ஒவ்வொரு கிலோவும் வளைவில் டயரின் தோளைத் தின்னும். டயர் சூடாகும், பிடி போகும். வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்சாரம் பிடித்து பிரேக்குக்குப் பாதி வேலையைக் குறைக்கும் என்பது பெரிய அனுகூலம்தான். ஆனால் அந்த மின்சாரம் பேட்டரிக்குள் போகும்போதும் சூடு, வெளியே வரும்போதும் சூடு. ஓர் அளவைத் தாண்டினால் கணினி சக்தியைக் குறைத்துவிடும்.

அதனால் நான் ஊகிக்க விரும்பும் கேள்வி, முதல் சுற்றில் எவ்வளவு வேகம் என்பதல்ல. நாலாவது சுற்றிலும் அதே வேகம் வருமா? ஹூண்டாய் 2023-இல் ஐயானிக் 5 என் கொண்டுவந்தபோது இந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்டது. நூர்பர்க்ரிங்கில் 20 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள நார்த்ஷ்லைஃபே பாதையில் சக்தி குறையாமல் இரண்டு சுற்று ஓட வேண்டும் என்று இலக்கு வைத்து, ஓட்டத்துக்கு முன்பே பேட்டரியைச் சரியான சூட்டுக்குக் கொண்டுவரும் வசதி வரைக்கும் கொடுத்தார்கள். ஹூண்டாயிடம் கேட்ட கேள்வியை பி.எம்.டபிள்யூவிடம் கேட்க ஏன் இவ்வளவு தயக்கம்?

போலி கியர் விஷயத்தில் எனக்கு நண்பர்களோடு பெரிய சண்டையே உண்டு. அவர்களுக்கு அது பொம்மை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமலே என்ன வேகத்தில் வளைவுக்குள் போகிறோம் என்பதை நமக்குச் சொல்வது எஞ்சினின் சுருதியும் கியர் மாறும் அந்தச் சின்ன உதறலும்தான். மின்சாரக் காரில் அந்தத் தகவல் அறுந்துபோகிறது. ஐயானிக் 5 என் அதைத் திருப்பிக் கொடுத்தது, ஓட்டிப் பார்த்த விமர்சகர்களில் பலரும் அதை மெச்சினார்கள். அணைத்து வைக்க ஒரு பொத்தான் இருந்தால் போதும். வி8 சத்தத்தை அப்படியே பதிவு செய்து வைத்தால் மட்டும் நான் எதிர்க்கட்சி.

பெட்ரோல் எம்3-க்குக் கைக்கியர் வருமா என்று கேட்கிறவர்களுக்கு: ஆசை வேண்டாம். ஜி80-யிலேயே கைக்கியர் உள்ள மாடலுக்கு 550 நியூட்டன் மீட்டர் டார்க்தான், ஆட்டோமேட்டிக்கான காம்பெடிஷன் மாடலுக்கு 650. கியர்பாக்ஸ் தாங்காது என்பதால் எஞ்சினின் கழுத்தை நெரிக்க வேண்டியிருக்கிறது. பொறியாளர் பார்வையில் அதற்கு இடமில்லை என்பதை வான் மீலும் மறைக்கவில்லை.

நம்மூர்க் கணக்கு தனி. சிங்கப்பெருமாள்கோயில் பக்கத்தில் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பி.எம்.டபிள்யூவின் சென்னை ஆலை 2007 முதல் இருக்கிறது. 2021-இல் எம்340ஐ அங்கே பூட்டப்பட்டு வெளிவந்தது, இந்தியாவில் தயாரான முதல் எம் முத்திரைக் கார் அதுதான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஈ.சி.ஆரில் நின்றால் இரண்டு மூன்றாவது கண்ணில் படும். ஆனால் உண்மையான எம்3 செடானை, அதாவது ஜி80-ஐ, இந்தியாவில் விற்கவே இல்லை. அதற்கு முந்தைய எஃப்80 வந்தது, பிறகு ஜி80-யின் இரண்டு கதவு ஜோடியான எம்4 வந்தது, செடானை மட்டும் விட்டுவிட்டார்கள். நாம் இங்கே உட்கார்ந்து ஆறு சிலிண்டரா நான்கு மோட்டாரா என்று சண்டை போடுவது, பத்திரிகையே வராத வீட்டுக் கல்யாணத்தில் சாப்பாடு எப்படி என்று பேசுகிற கதை.

பத்திரிகை வந்தால் எது வரும்? என் ஊகம், மின்சார எம்3. காரணம் சத்தமோ சிலிண்டரோ இல்லை. பெரிய பெட்ரோல் காருக்கு இப்போது ஜி.எஸ்.டி. 40%, மின்சாரக் காருக்கு 5%. அதோடு 2025 தொடக்கத்தில் ஐஎக்ஸ்1-இன் நீளமான மாடலை அதே சென்னை ஆலையில் தயாரிக்க ஆரம்பித்ததிலிருந்து நிறுவனம் இங்கே எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிகிறது. முழு இறக்குமதியாக வந்தால் சுங்க வரி தனியாக ஏறும். எப்படிப் பார்த்தாலும் ஒன்றரைக் கோடிக்குக் கீழே நான் எதிர்பார்க்கவில்லை. பெட்ரோல்தான் வரும் என்று பந்தயம் கட்ட யாராவது தயாரா? ஒரு பிரியாணி வரைக்கும் நான் ரெடி.