அறுபது வயதில் தொழில் தொடங்குகிறவருக்கு எதை முதலில் சொல்லித் தர வேண்டும்?

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு நடக்கும் டிஜிட்டல் பயிற்சிகள் பலவும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. இணையம் என்றால் என்ன, மின்னஞ்சல் திறப்பது எப்படி, ப்ளே ஸ்டோர் எங்கே இருக்கிறது. மூன்றாம் நாள் கூட்டம் குறைந்துவிடும். பெரியவர்களுக்கு ஆர்வமில்லை என்று பயிற்சி தருகிறவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இட்லிப் பொடி விற்றுக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கலாம் என்று வந்த அம்மாவுக்கு மின்னஞ்சல் எதற்கு? அவர் செய்யப்போகிற வேலையில் பாடம் தொடங்கட்டும். அந்த வேலைக்குள் போன் எங்கே தேவைப்படுகிறதோ அங்கே அது தானாக வந்து சேரும்.

அரசுத் திட்டங்களிலும் இவர்கள் விடுபட்டுத்தான் போனார்கள். கிராமப்புறங்களுக்காக 2017-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்து, 2024-இல் முடிந்துபோன பிஎம்ஜிதிஷா என்ற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டத்தில் 20 மணி நேரப் பயிற்சி இலவசமாகக் கிடைத்தது. ஆனால் வயது 14 முதல் 60 வரை, குடும்பத்துக்கு ஒருவர். 61 வயதானவருக்கு இடமே இருக்கவில்லை. 58 வயதானவருக்கு இருந்தது என்றாலும், வீட்டுக்கு ஒரு இடம் என்றால் அது யாருக்குப் போயிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

வகுப்பு தொடங்க ஒரு வாரம் முன்பே பார்க்க வேண்டியது வங்கிக் கணக்கில் இருக்கும் செல்போன் எண். கணக்கு அம்மா பெயரில் இருக்கும், எண் மகனுடையதாக இருக்கும். மகன் திருப்பூரிலோ துபாயிலோ இருப்பார். கூகுள் பே, போன்பே எதுவானாலும், வங்கியில் பதிந்த எண்ணின் சிம் அந்தப் போனிலேயே இருந்து, அதிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போனால்தான் கணக்கு இணையும். இது தெரியாமல் வகுப்பில் உட்கார்ந்து பத்து முறை முயன்று, "எனக்கெல்லாம் இது வராதுப்பா" என்று எழுந்து போகிறவர்கள் எத்தனையோ பேர். பாஸ்புக், ஆதாரோடு வங்கிக் கிளைக்குப் போய் எண்ணை மாற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள். இரண்டு சிம் போட்ட போனில் சரியான சிம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரீசார்ஜ் தீர்ந்த சிம்மில் எஸ்எம்எஸ் வெளியே போகாது. ஏடிஎம் கார்டு இல்லாதவர் ஆதார் வழியாகத்தான் யுபிஐ பின் (பணம் அனுப்பும்போது போடும் ரகசிய எண்) அமைக்க வேண்டியிருக்கும், ஆகவே ஆதாரில் உள்ள எண்ணும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். சொந்த எண், சொந்தக் கணக்கு இல்லாமல் கற்றுக்கொண்டால் வருகிற காசு யார் கைக்குப் போகும் என்பதும் இதோடு சேர்ந்த விஷயம்தான்.

வகுப்புக்கு வரும்போது வாசிக்கிற கண்ணாடி கட்டாயம். எழுத்தின் அளவைப் பெரிதாக்கிவிட்டுத்தான் மற்றது. பல வருடம் பாத்திரம் தேய்த்த விரல் நுனி காய்ந்திருந்தால் தொடுதிரை சரியாக உணராது. ஈரத்துணியில் லேசாக ஒற்றிக்கொண்டால் சரியாகிவிடும். விரலை அழுத்தி வைக்கும் பழக்கம் இருப்பவருக்கு ஒவ்வொரு தொடுதலும் வேறு ஏதோ மெனுவைத் திறந்துவிடும். போனின் அமைப்புகளில் அணுகல்தன்மை (Accessibility) பகுதிக்குப் போய், தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீளமாக மாற்றிவிட்டால் பாதித் தொல்லை போகும். ஒரு பயிற்றுநருக்கு ஐந்தாறு பேர், ஒரு வகுப்புக்கு ஒரே வேலை, ஒன்றரை மணி நேரம். அவர்கள் போனைப் பயிற்றுநர் கையில் வாங்கவே கூடாது. "கொடுங்கம்மா, நான் போட்டுத் தர்றேன்" என்ற நிமிடமே பாடம் கெட்டது. மறுநாள் முதல் கால் மணி நேரம், நேற்றுச் செய்ததை யார் உதவியும் இல்லாமல் செய்யட்டும். படிகளை அவரவர் நோட்டில் அவரவர் வார்த்தையில் எழுதிக்கொள்ள வேண்டும். அச்சடித்த கையேடு, செயலி அடுத்த முறை அப்டேட் ஆகும்போதே பழசாகிவிடும்.

பாடத்தில் நான் முதலில் வைப்பது அடக்க விலை, அதாவது ஒரு பொருளைச் செய்து முடிக்க ஆகும் மொத்தச் செலவு. சமையலிலும் தையலிலும் கை தேர்ந்த பெரியவர்கள் வீழ்வது இங்கேதான். இட்லிப் பொடிக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உளுந்து அரை கிலோ 70 ரூபாய், கடலைப்பருப்பு கால் கிலோ 25, மிளகாய் 100 கிராம் 24, எள் 100 கிராம் 22, பெருங்காயம், உப்பு 15. மொத்தம் 156. வறுத்து அரைத்த பிறகு, மில்லில் ஒட்டியது, சிந்தியது போக 900 கிராம் தேறும். 100 கிராம் பாக்கெட்டாக ஒன்பது. பாக்கெட் ஒன்றுக்குப் பதினேழு ரூபாய் ஆகிறது, முப்பதுக்குக் கொடுத்தால் பதின்மூன்று லாபம் என்று மனக்கணக்கு சொல்லும்.

விட்டுப்போனதைச் சேர்ப்போம். மில் கூலி 20, கேஸ் 15, கவரும் லேபிளும் ஒன்பதுக்கு 45. கையை விட்டுப் போகும் காசே 236 ஆகிவிட்டது. ஒன்பது பாக்கெட் விற்று வருவது 270. மீதி 34 ரூபாய். புடைத்து, வறுத்து, மில்லுக்கு நடந்து, பாக்கெட் போட இரண்டரை மணி நேரம். மணிக்கு 14 ரூபாய்கூடத் தேறவில்லை. தன் உழைப்புக்கு மணிக்கு 60 வைத்தாலே அடக்கம் 43 ஆகிறது. இதை அவர்களே அவர்கள் பொருளுக்கு, அவர்கள் ஊர் விலையில், நோட்டில் போட வேண்டும். "வீட்டு வேலைதானே, இதுக்கு என்ன கூலி" என்பார்கள். அந்த இடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். போட்ட கணக்கைக் கால்குலேட்டரில் சரிபார்க்கச் சொன்னால், போனோடு முதல் பழக்கம் அங்கேயே தொடங்கிவிடும்.

விலை முடிவான பிறகு, வியாபாரத்துக்கென்று இருக்கும் வாட்ஸ்அப் பிசினஸ் செயலி. சாதாரண வாட்ஸ்அப்பும் இதுவும் ஒரே எண்ணில் சேர்ந்து ஓடாது, முன்பே சொல்லிவிடுங்கள். அதில் பொருள்களைப் படத்தோடு அடுக்கிக் காட்டும் கேட்டலாகில் மூன்று பொருள் போதும். படம் எடுக்குமுன் கேமராக் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். மாவுக் கையின் எண்ணெய்ப் பிசுக்குதான் படம் மங்குவதற்கு முக்கியக் காரணம். ஜன்னல் ஓரம், பகல் வெளிச்சம், வாழை இலை. எவர்சில்வர் தட்டு பளபளத்துப் படத்தைக் கெடுக்கும். தட்டச்சு வராதவர்கள் கீபோர்டில் இருக்கும் மைக்கைத் தொட்டுத் தமிழில் பேசினால் எழுத்தாகிவிடும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் போட்டும் யாருக்கும் செய்தி போகவில்லை என்ற புகார் அடிக்கடி வரும். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போகும். முதல் விற்பனையின்போதே "என் நம்பரைச் சேமிச்சுக்கங்க" என்று கேட்கப் பழக்க வேண்டும்.

உணவு விற்பவருக்கு, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் பதிவு அவசியம். அந்த 14 இலக்க எண் லேபிளில் இருக்க வேண்டும். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு முழுக்க இலவசம். அதற்குக் காசு கேட்கும் தளம் அரசுத் தளமே இல்லை, முகவரி gov.in என்று முடிகிறதா என்பதைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள்.

மோசடி பற்றிப் பயமுறுத்திப் பேசினால் போனையே மூடி வைத்துவிடுவார்கள். அதனால் செய்து காட்டுவதுதான் வழி. இருவர் இருவராக உட்கார்ந்து ஒரு ரூபாய் அனுப்பட்டும், வாங்கட்டும். அனுப்பும்போது பின் கேட்கிறது, வாங்கும்போது கேட்பதில்லை என்பதை விரலே உணர்ந்துகொள்ளும். "ராணுவ முகாமிலிருந்து பேசுறேன், ஐம்பது பாக்கெட் வேணும், முன்பணத்துக்கு இந்தக் க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்று அழைப்பு வருகிற நாளில் அந்த ஒரு ரூபாய்தான் காப்பாற்றும். பணம் அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பொருளைக் கொடுக்கக் கூடாது, கணக்கில் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான். கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஏபிகே கோப்பைத் தொடக் கூடாது, அது போனில் செயலியை நிறுவும் கோப்பு. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அழைக்க வேண்டும். இந்த எண் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக இருக்கட்டும்.

பயிற்சி நடத்துபவர்களிடம் ஒரு கோரிக்கை. கடைசி நாள் சான்றிதழ் கொடுத்துப் படம் எடுத்ததோடு கணக்கை மூடாதீர்கள். ஒவ்வொருவரும் பத்து ஆர்டர் முடிக்கும்வரை, சிக்கினால் கூப்பிட ஒரு எண்ணும், அதை எடுத்துப் பொறுமையாகப் பேச ஒரு ஆளும் இருக்கட்டும். அதற்கான சம்பளத்தைத் திட்டச் செலவில் முதலிலேயே எழுதி வாங்குங்கள்.