"வாட்ஸ்அப்புல படிச்சதுங்களா டீச்சர்?"

சனிக்கிழமை, சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அன்று சாயங்காலமே தெரிந்திருக்கும். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். ஆறவில்லை.

"இதெல்லாம் வாட்ஸ்அப்புல படிச்சதுங்களா டீச்சர்?" பயிற்சி கொடுக்க வந்த கருத்தாளர் கேட்டது அவ்வளவுதான். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. 'ங்க' கூட இருந்தது. மரியாதையாகக் குத்துவதில் நம் கொங்கு நாட்டை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஹாலே சிரித்தது.

ஆமாங்க, வாட்ஸ்அப்பில் படித்ததுதான். டெலிகிராமிலும் படித்தேன். அதில் என்ன கேவலம்?

நான் சொல்லிக்கொண்டிருந்தது ஏழாம் வகுப்பு முழுக்கள். மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது என்று தறி ஓட்டுகிறவர் மகள் ஒருத்தி கேட்டாள். "விதி அப்படித்தான் கண்ணு" என்று பல வருடம் சொல்லித் தப்பித்தவள் நான். அன்று முடியவில்லை. அந்தப் பிள்ளை நோட்டை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் நடுநிலைப் பள்ளியில் கணக்குக்கு நான் ஒருத்திதான். யாரிடம் போய்க் கேட்பது, சத்துணவு அக்காவிடமா? இரவு பத்து மணிக்குக் கணக்கு ஆசிரியர் குழுவில் போட்டேன். காலையில் பார்த்தால் தக்கலைப் பக்கம் ஒரு சார், முகம்கூடப் பார்த்ததில்லை, குளத்தை வைத்து விளக்கி ஆடியோ அனுப்பியிருந்தார். நான் குளத்தைக் கிணறாக்கிக்கொண்டேன். காங்கேயம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கிணறு என்றால்தானே ஏறும்! மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மணிக்கு 2 அடி இறங்குகிறது, அது −2. மூன்று மணி நேரத்துக்கு முன்னால் என்றால் −3. அப்போது தண்ணீர் எங்கே இருந்திருக்கும்? "ஆறடி மேலுங்க டீச்சர்" என்று கடைசி பெஞ்ச் கத்தியது. −2-ஐ −3-ஆல் பெருக்கினால் பிளஸ் 6. அந்தப் பிள்ளை நோட்டைத் திறந்தது.

இதைத்தான் கூட்டத்தில் சொன்னேன். இதற்குத்தான் சிரித்தார்கள்.

குரூப்பில் குட்மார்னிங்கும் அகவிலைப்படிச் செய்தியும்தானே வருகிறது என்பீர்கள். வருகிறது. ரோஜாப்பூவும் வருகிறது. தள்ளிவிட எனக்கு விரல் இருக்கிறது.

தப்பான தகவல் வந்தால்? இது நியாயமான கேள்வி. வந்தும் இருக்கிறது. ஒருமுறை ஒருவர் 1-ஐப் பகா எண் என்று வினாத்தாளில் போட்டுவிட்டார். அரை மணி நேரத்தில் பத்துப் பேர் பிடித்துக்கொண்டார்கள், பாவம். ஆனால் பயிற்சி ஹாலில் மைக் பிடித்தவர் தப்பாகச் சொன்னால் எழுந்து நிற்பது யார்? நீங்கள் நிற்பீர்களா?

பள்ளிக்கூடத்தில் எதற்குப் போன் என்று ஆரம்பிக்காதீர்கள். வருகைப்பதிவு போனில், சின்ன வகுப்புகளின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட மதிப்பீடு போனில். அதெல்லாம் கடமை. நான் ஒரு கணக்கைக் கற்றுக்கொண்டால் மட்டும் போன் நோண்டுவது.

அரசுப் பயிற்சியே வேண்டாம் என்கிறாயா என்றும் ஒருவர் கேட்டார். நான் அப்படிச் சொல்லவே இல்லை. 2020 அக்டோபரில் நிஷ்டா என்கிற மத்திய அரசின் ஆசிரியர் பயிற்சி ஆன்லைனுக்கு வந்ததே, தீக்ஷா தளத்தில் வீடியோவை ஓடவிட்டு அரிசிம்பருப்புக்குத் தாளித்தவர்கள் கையைத் தூக்குங்கள். நானும் தூக்குகிறேன். சான்றிதழ் பிடிஎஃப்பாகப் பத்திரமாக இருக்கிறது. அங்கே எதிர்க்கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை, குழுவில் இருக்கிறார்கள். ஆசிரியர் வருடத்துக்கு 50 மணி நேரம் தொழில் வளர்ச்சிப் பயிற்சி எடுக்க வேண்டும் என்கிறது தேசியக் கல்விக் கொள்கை. அந்தக் கொள்கையை நாம் ஏற்கவில்லை, அது வேறு சண்டை. ஆனால் இரவு பத்து மணிக்கு நான் ஆடியோ கேட்டதை எந்த 50-ல் சேர்ப்பார்கள்?

என் முதல் போஸ்டிங் பர்கூர் மலையில். சிக்னல் கிடையாது. பாடத்தில் சந்தேகம் வந்தால் துண்டுச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வைப்பேன், அந்தியூர் இறங்கும்போது யாரையாவது கேட்கலாம் என்று. இறங்கினால் மளிகை, பேங்க், கடைசி பஸ். பாதிச் சீட்டு பர்ஸிலேயே நைந்து போனது. அப்படி இருந்தவளிடம் வந்து வாட்ஸ்அப்பா என்று கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்?

ஜியோஜீப்ரா என்று கணக்குப் படம் வரைகிற ஆப் ஒன்று இருப்பதையே பி.எட்.டில் யாரும் சொல்லித் தரவில்லை. குழுவில்தான் பார்த்தேன். முக்கோணத்தின் ஒரு முனையை விரலால் இழுக்க இழுக்க மூன்று கோணமும் மாறிக்கொண்டே இருக்கும், கூட்டினால் 180-ஐ விட்டு நகராது. அதை நான் முதலில் யாருக்குக் காட்டினேன் தெரியுமா? இதைப் படித்துக்கொண்டிருக்கிற உனக்குத்தான். பஸ் ஸ்டாண்டில், உன் பஸ் போனதுகூடத் தெரியாமல் இழுத்து இழுத்துப் பார்த்தாய்.

கருத்தாளரை விடு. அவருக்கு நான் யாரோ. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நீயும் சிரித்தாய். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாய், பார்த்தேன்.

உன் டிபன் பாக்ஸ் என் பையோடு வந்துவிட்டது. கழுவி வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் வாங்கிக்கொள்.