கிறிஸ் ஏமன் பற்றி ஒரு திருத்தம்

வெற்றியே பெறாத திறமைசாலி கார் பந்தய ஓட்டுநர்களை ஒப்பிடும் ஒரு உரையாடலில், நியூசிலாந்து ஓட்டுநர் கிறிஸ் ஏமன் பெரிய பந்தயம் எதிலும் ஜெயித்ததில்லை என்று ஒரு கருத்து வந்திருக்கிறது. பலரும் அதை அப்படியே பகிர்கிறார்கள். இது பாதிதான் சரி. ஃபார்முலா 1 உலக சாம்பியன்ஷிப்பில் சேர்ந்த பந்தயம் எதிலும் அவர் முதலிடம் பிடிக்கவில்லை. 1972இல் பிரான்சின் கிளெர்மோன் ஃபெரானில் மாத்ரா காரோடு முன்னிலையில் போய்க்கொண்டிருந்தபோது டயர் பஞ்சரானது. டயரை மாற்றிவிட்டு விரட்டி வந்து மூன்றாம் இடம் பிடித்தார். எனக்கு அது பல வெற்றிகளைவிடப் பெரியது.

ஆனால் 1966 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்தது புரூஸ் மெக்லாரனும் ஏமனும் ஓட்டிய ஃபோர்டு. கறுப்பு கார், எண் 2. அடுத்த ஆண்டு லொரென்சோ பண்டினியோடு சேர்ந்து டேடோனா 24 மணி நேரப் பந்தயம். 1969இல் ஃபெராரியில், நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த டாஸ்மன் பந்தயத் தொடரின் பட்டம்.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், ஃபார்முலா 1 அதிகாரப்பூர்வத் தளம் சாம்பியன்ஷிப் பந்தயங்களை மட்டுமே பட்டியலிடுகிறது. 1971 அர்ஜென்டினா கிராண்ட் பிரீயில் ஏமன் ஜெயித்தார். ஆனால் அது சாம்பியன்ஷிப் கணக்கில் சேராதது, அதனால் அங்கே தேடினால் கிடைக்காது. ஓட்டுநர் பெயரை வைத்துத் தேடாமல், லெ மான் 1966, டேடோனா 1967 என்று பந்தயத்தையும் ஆண்டையும் போட்டு முடிவுப் பட்டியலைப் பாருங்கள். இரண்டிலும் முதல் வரியிலேயே அவர் பெயர் இருக்கும்.