தூக்கிப் போடும் முன் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்

பழைய மென்பொருள் சிடிகளையும் விளையாட்டுகளையும் வைத்துக்கொண்டிருப்பது வீண் என்ற பேச்சு இப்போதெல்லாம் அடிக்கடி காதில் விழுகிறது. ஓடாத மென்பொருள் எதற்கு, தேவைப்பட்டால் இணையத்தில் எல்லாம் கிடைக்குமே என்கிறார்கள். இடத்தை அடைக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இணையத்தில் எல்லாம் கிடைக்கும் என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023 ஜூலையில் ஓர் ஆய்வை வெளியிட்டது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையிலேயே இல்லை என்பது அதன் முடிவு. காசு கொடுத்து வாங்கத் தயாராக இருந்தாலும் விற்க ஆள் இல்லை. அப்படியானால் அவற்றை விளையாட என்ன வழி? அசல் தட்டும் பழைய கருவியும் கையில் இருக்க வேண்டும், அல்லது ஏதாவது ஆவணக்காப்பகத்துக்கு நேரில் போக வேண்டும், இரண்டும் இயலாவிட்டால் திருட்டுப் பிரதியைத்தான் தேட வேண்டும். ஒரு கலை வடிவத்தின் முதல் சில பத்தாண்டுகள் இந்த நிலையில் கிடக்கின்றன.

உருவாக்கிய நிறுவனம் பாதுகாத்து வைத்திருக்கும் என்று நம்புகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் கதை 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வுடையது. ஜோர்டன் மெக்னர் ஆப்பிள் II கணினிக்காக எழுதிய அந்த விளையாட்டு 1989இல் வெளிவந்தது. வெளியிட்ட புரோடர்பண்ட் நிறுவனம் 1998இல் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. உலகமெங்கும் புகழ்பெற்ற ஒரு விளையாட்டின் மூலநிரல் (அதை உருவாக்கிய அசல் கட்டளைத் தொகுப்பு) எங்கே இருக்கிறது என்று அதை எழுதியவருக்கே தெரியாமல் ஆண்டுகள் ஓடின. 2012இல் அவருடைய தந்தை அனுப்பிய ஒரு பெட்டியில் பழைய ஃபிளாப்பிகள் சில வந்து சேர்ந்தன. அந்த விளையாட்டுக்கு இசையமைத்தவரும் அந்தத் தந்தைதான். இணையப் பக்கங்களையும் பழைய மென்பொருள்களையும் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவைச் சேர்ந்த ஜேசன் ஸ்காட்டும், ஆப்பிள் II கணினிகளைச் சேகரிக்கும் டோனி டயஸும் வந்து அந்த ஃபிளாப்பிகளிலிருந்து நிரலைப் பத்திரமாக எடுத்துக் கொடுத்தார்கள். இன்று அதை, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மிகக் குறைந்த நினைவகத்துக்குள் ஒரு மனிதன் ஓடுவதையும் தாவுவதையும் விளிம்பைப் பிடித்துத் தொங்குவதையும் எப்படி அடக்கினார் என்பதை வரி வரியாகப் பார்க்கலாம்.

இதில் என் மனத்தை விட்டு அகலாத விஷயம், அந்த நிரலைக் காப்பாற்றியது எந்த நிறுவனத்தின் பாதுகாப்புப் பெட்டகமும் இல்லை என்பதுதான். குடும்பத்தில் ஒருவர் ஒரு பெட்டியைத் தூக்கிப் போடாமல் விட்டார், அவ்வளவுதான். காந்தத் தட்டில் பதிந்த தகவல் காலப்போக்கில் மங்கும். இன்னும் சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

இணையம் காப்பாற்றும் என்பவர்கள், உலாவியில் விளையாட்டுகளையும் அசைபடங்களையும் ஓட வைத்த ஃபிளாஷ் மென்பொருளின் கதையை நினைத்துப் பார்க்கட்டும். 2017 ஜூலையில் அடோபி அதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2020 டிசம்பர் 31உடன் ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயர் தானாகவே எதையும் ஓட விடாமல் தடுத்துவிட்டது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் உலாவியில் விளையாடியதெல்லாம் அன்றோடு போயிருக்க வேண்டியது. ஃபிளாஷ்பாயிண்ட் என்ற திட்டத்தில் தன்னார்வலர்கள் கூடி, தளங்கள் மூடப்படுவதற்கு முன்பே ஒவ்வொன்றாக இறக்கிச் சேமித்ததால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகளும் அசைபடங்களும் பிழைத்தன. அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர்கள் மீது எனக்கு இருக்கும் மரியாதை கொஞ்சநஞ்சமல்ல.

விளையாட்டை விடுங்கள், நாம் எழுதி வைத்த கோப்புகளின் கதி என்ன? மென்பொருளைத் தூக்கிப் போடுகிறவர்கள் பலரும் இதை யோசிப்பதே இல்லை. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சு செய்த தமிழ் ஆவணங்கள் ஏராளமாக இருக்கின்றன. பாமினி எழுத்துருவில் ஒரு முறை, டிஸ்கி என்ற தமிழ்க் குறியீட்டில் இன்னொரு முறை, ஒவ்வொரு நிறுவனத்தின் எழுத்துருவுக்கும் ஒரு தனி முறை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த ஒரு கூளம்தான் தெரியும். பெயர் பெற்ற எழுத்துருக்களுக்காவது யூனிகோடு மாற்றிகள் இருக்கின்றன. அதிகம் பேர் பயன்படுத்தாத ஓர் எழுத்துருவில் யாரோ தன் கவிதைகளையோ ஆய்வேட்டையோ அடித்து வைத்திருந்தால், அந்தக் கவிதைக்கான திறவுகோல் அந்த எழுத்துருக் கோப்பு ஒன்றுதான். பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் பக்கம் வடிவமைத்த நூல்களுக்கும் இதே நிலை. அதன் கடைசிப் பெரும் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபீஸ் பழைய கோப்பு வடிவங்கள் பலவற்றைத் திறந்து காட்டுகிறது, அதற்காக அதை எழுதியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் எழுத்துரு போய்விட்டால் அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

பழையது என்றாலே பயனற்றது என்ற கணக்கும் தவறு. எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் ஓடும் கணினியில், வேர்ட்ஸ்டார் 4.0 என்ற பழைய எழுத்து மென்பொருளை வைத்துத்தான் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். அறிவியல் புனைகதை எழுத்தாளரான ராபர்ட் ஜே. சாயர் 2024இல் வேர்ட்ஸ்டார் 7ஐ அதன் கையேடுகளோடு சேர்த்துத் தொகுத்து, எல்லோரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிட்டார். உற்பத்தியாளர் கைவிட்டுப் பல ஆண்டுகளாகிவிட்ட ஒரு மென்பொருளுக்கு, அதை நேசித்த பயனர் ஒருவர் செய்த உபகாரம் அது.

அதற்காக எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டே போங்கள் என்று நான் சொல்லவில்லை. காலாவதியான ஆன்டிவைரஸ் சிடி, பழைய உலாவி, இல்லாத அச்சுப்பொறியின் டிரைவர், ஒன்றுக்கு மூன்றாகக் கிடக்கும் பிரதிகள், இவையெல்லாம் போகட்டும். பழைய இயங்குதளத்தை இணையத்தோடு இணைத்து வைத்திருப்பதும் கூடாது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்துவிட்டது. 2017 மே மாதத்தில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை தாக்குதல் பரவியபோது, கைவிட்ட அந்த எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட வேண்டி வந்தது. இப்போது அப்படி யாரும் வரப்போவதில்லை. எக்ஸ்பி தேவையென்றால், இணைய இணைப்பைத் துண்டித்து, மெய்நிகர் கணினிக்குள் (உங்கள் கணினியில் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஓட்டுங்கள். டாஸ் காலத்து விளையாட்டுகளுக்கு 2002 முதல், அவற்றைப் புதிய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் இருக்கிறது.

பிரதி எடுக்கும்போது தட்டோடு நின்றுவிடாதீர்கள். சிடியை, அதன் உள்ளடக்கம் முழுவதையும் அப்படியே அடக்கிய ஐஎஸ்ஓ கோப்பாக மாற்றிக்கொள்வது சில நிமிட வேலை. உறையின் மேல் இருக்கும் சீரியல் எண்ணைப் படம் பிடித்து அதனுடனேயே வையுங்கள். கையேட்டை ஸ்கேன் செய்யுங்கள். கையேடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: திருட்டுப் பிரதியைத் தடுப்பதற்காக அந்தக் கால விளையாட்டுகள் பல, கையேட்டின் இத்தனையாம் பக்கத்தில் இத்தனையாம் சொல் என்ன என்று கேட்கும். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் டாஸ் பதிப்பில் முதல் நிலையைத் தாண்டியதும், கையேட்டைப் பார்த்துச் சரியான எழுத்துள்ள குடுவையை எடுத்துக் குடித்தால்தான் மேலே போக முடியும். கையேட்டைத் தொலைத்தவருக்கு விளையாட்டு இருந்தும் இல்லாததுதான். எடுத்த பிரதிகளை ஒரே ஹார்ட் டிஸ்கில் வைக்காமல் வேறோர் இடத்திலும் வையுங்கள். எழுதும் சிடிகளில் உள்ள சாயப் பூச்சு ஆண்டுகள் போகப் போகக் கெடும், ஆகவே நீங்களே எழுதி வைத்த சிடிகளை முதலில் எடுங்கள்.

எனக்குக் கோபம் வருவது இன்னோர் இடத்தில். நாம் பத்திரமாக வைத்திருந்தாலும் பயனில்லாமல் செய்துவிடுகிறார்கள். பிரதி எடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு போட்ட சிடி விளையாட்டுகள், 2015இல் வந்த விண்டோஸ் 10இல் ஓடவில்லை. அந்தப் பூட்டின் டிரைவர் பாதுகாப்புக்கு ஆபத்து என்று மைக்ரோசாஃப்ட் அதை விலக்கிவிட்டது. அந்த முடிவில் நியாயம் உண்டு, ஆனால் இழப்பு முழுவதும் வாங்கியவர் தலையில். யூபிசாஃப்ட் நிறுவனத்தின் கார் பந்தய விளையாட்டான 'தி க்ரூ' இன்னும் மோசம். தனியாளாக விளையாடினாலும் சர்வர் இணைப்பு வேண்டும் என்று வடிவமைத்தார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தியதும், தட்டு கையில் உள்ளவர்களுக்கும் விளையாட்டு இல்லாமல் போனது. அதே ஆண்டு அக்டோபரில், நூலகங்கள் பழைய விளையாட்டுகளை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து காட்ட அனுமதி கேட்ட கோரிக்கையை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. விற்கவும் மாட்டோம், நூலகம் காட்டவும் விட மாட்டோம் என்றால் இந்தப் படைப்புகள் எங்கேதான் வாழும்?

'தி க்ரூ' நிறுத்தத்தை அடுத்து யூடியூபர் ராஸ் ஸ்காட் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம், ஆதரவை நிறுத்தும்போது விளையாட்டை ஓடும் நிலையில் விட்டுச் செல்லுங்கள் என்று மட்டும்தான் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்காகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். இது நடக்காத காரியம் இல்லை. ஐடி சாஃப்ட்வேர் 1997 டிசம்பரிலேயே டூம் என்ற சுடும் விளையாட்டின் மூலநிரலை வெளியிட்டது, அதனால்தான் இன்றும் புதுப் புதுக் கருவிகளில் அதை ஓட்டிக் காட்டுகிறார்கள். மைக்ரோசாஃப்ட் 2024இல் எம்எஸ்-டாஸ் 4.0இன் நிரலைத் திறந்து கொடுத்தது. ஒரு நிறுவனம் தன் மென்பொருளைக் கைவிட முடிவெடுத்தால், சர்வர் தேவைப்படாத கடைசித் திருத்தம் ஒன்றையாவது வாங்கியவர்களுக்குத் தந்துவிட்டுப் போக வேண்டும் என்று சட்டம் வர வேண்டும். அந்தச் சட்டம் வரும் வரைக்கும் உங்கள் அலமாரியில் இருக்கும் தட்டுகளை எடைக்குப் போடாதீர்கள்.