'ரெண்டு நாள் பட்டினி போட்டா தானா சாப்பிடுவா' என்பவர்களுக்கு

எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கிக்கொண்டே போகிற மனநோய் அனரெக்ஸியா நெர்வோசா. அதைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், "எல்லாம் திமிர்" என்று சொல்ல ஒருவராவது இருப்பார். கூடவே வைத்தியமும் சொல்லிவிடுவார்: பட்டினி போடு. பட்டினி கிடப்பதே நோயாக இருக்கும்போது அதையே மருந்தாகக் கொடுக்கச் சொல்கிற புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது!

1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் பட்டினி பற்றி ஒரு சோதனை நடத்தினார். நல்ல திடகாத்திரமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரை வயிற்றுக்குத்தான் சாப்பாடு. அழகு, கண்ணாடி, இடுப்பளவு என்று எந்தக் கவலையும் அவர்களுக்கு இருந்ததில்லை. ஆனாலும் சமையல் குறிப்புகளைத் தேடித் தேடிப் படித்தார்கள். தட்டில் இருந்ததைப் பொடிப்பொடியாக்கி மணிக்கணக்கில் அளைந்தார்கள். எரிந்து விழுந்தார்கள், நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள். 'பிடிவாதம்' என்று நாம் திட்டுவதில் பாதி, பட்டினி மூளைக்குச் செய்கிற வேலை.

மீதிப் பாதி, எடை கூடிவிடுமோ என்ற பயம். அது அந்த இளைஞர்களுக்கு இல்லை, இந்த நோய் வந்தவர்களுக்கு உண்டு. வீட்டில் எல்லோருக்கும் ஆசையாகச் சமைத்துப் பரிமாறிவிட்டு, தான் மட்டும் "அப்பவே சாப்பிட்டாச்சு" என்று எழுந்துபோகிற பெண்ணுக்குள் ஓடுவது அந்தப் பயம்தான். பையன்களுக்கும் வரும். அவர்களிடம் யாரும் கேட்பதுகூட இல்லை.

உடம்பு சும்மா இருக்காது, செலவைக் குறைக்கப் பார்க்கும். இதயத் துடிப்பு மெதுவாகும், ரத்த அழுத்தம் இறங்கும். வெயில் காலத்திலும் குளிரும், கைகளிலும் முதுகிலும் பூனைமுடி முளைக்கும். மாதவிடாய் நின்றுபோகலாம். எலும்பு வலுப்பெற வேண்டிய பதின்வயதில் அது மெலிந்துவிட்டால், அந்த இழப்பு முழுதாக ஈடாகாமலே போகலாம். இவ்வளவு நடந்தும் ரத்தப் பரிசோதனை நார்மல் என்று வரலாம். ரிப்போர்ட்டை நம்பி வீட்டில் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். மனநோய்களிலேயே அதிகம் உயிரைக் குடிப்பவற்றில் இது ஒன்று. இதயம் நின்று போகிறவர்களும் உண்டு, தற்கொலை செய்துகொள்கிறவர்களும் உண்டு.

சரி, வாயில் திணித்துவிடலாமா? ரொம்ப மெலிந்துபோனவருக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு சரசரவென்று இறங்கி இதயமே தடுமாறலாம். அதனால்தான் அந்த நிலையில் மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாக ஏற்றுகிறார்கள். பதின்வயதினருக்குக் குடும்பத்தை வைத்தே செய்கிற சிகிச்சை நல்ல பலன் தருகிறது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான முறை அது. பெற்றோர் வேளாவேளைக்குக் கூடவே உட்கார்ந்து சாப்பிட வைக்க வேண்டும். அழுகை, கத்தல், தட்டு பறப்பது எல்லாம் நடக்கும்.

எடை முதலில் திரும்பும். பயம் போக இன்னும் பல மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் சிகிச்சையை நிறுத்திவிடுகிற பெற்றோர் மேல் எனக்குக் கோபமில்லை, களைத்துப் போயிருப்பார்கள். "அதான் கன்னத்துல சதை போட்டாச்சே, இன்னும் எதுக்கு டாக்டர்?" என்று அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டே கேட்கிற சொந்தக்காரர்கள் மேல்தான் கோபம் எல்லாம்.