எண்ணிக்கை கூடுவதும் வகை கூடுவதும் ஒன்றல்ல

மதுரை மாவட்டத்து மேலூர், வாடிப்பட்டி வயல்களைப் பற்றிய இந்த இணைய உரையாடலில், வெல்லக் கரைசலை எவ்வளவு கூடுதலாக ஊற்றுகிறோமோ அவ்வளவுக்கு மண்ணில் நுண்ணுயிர் வகைகளும் பெருகும் என்று ஒரு கூற்று பகிரப்படுகிறது. கரைசலால் நுண்ணுயிர்களின் எண்ணிக்கை கூடும் என்பது சரியே. வகைகளும் கூடும் என்பது சரியன்று.

எளிதில் கரையும் சர்க்கரை திடீரென மிகுதியாகக் கிடைக்கும்போது, வேகமாகப் பெருகும் சில பாக்டீரியாக்கள் அதை முந்திக்கொண்டு உண்பதோடு, மண்ணிலுள்ள தழைச்சத்தையும் ஆக்சிஜனையும் தம் வளர்ச்சிக்கே இழுத்துக்கொள்வதால், மக்கிய இலை, வேர்க்கழிவு ஆகியவற்றை மெல்லச் சிதைத்து வாழும் இனங்களின் பங்கு பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது. பந்தியில் முதலில் அமர்ந்தவர்களே எல்லாவற்றையும் முடித்துவிடுவதைப் போன்றது இது. கண்மாய்ப் பாசன வயல்களில் மண் நனைவதும் காய்வதும்கூட எவை தங்கும், எவை மறையும் என்பதைத் தீர்மானிக்கின்றன என்பதால், கரைசல் ஒன்றை மட்டும் வைத்து முடிவு சொல்ல இயலாது.

இதை யாரும் சரிபார்க்கலாம். ஒரே வயலின் மண்ணை இரண்டு பாத்திரங்களில் எடுத்து, ஒன்றில் வெல்லக் கரைசலும் மற்றொன்றில் அதே அளவு வெறும் நீரும் ஊற்றி, ஒரு வாரம் கழித்து நுண்ணுயிரியல் துறையுள்ள கல்லூரி ஒன்றில் அகார் தட்டுகளில் (நுண்ணுயிர் வளர்க்கும் கூழ் பரப்பிய தட்டுகளில்) வளர்த்துப் பார்க்கும்படி கேளுங்கள். தட்டில் புள்ளிகளாகத் தெரியும் நுண்ணுயிர்க் கூட்டங்களின் மொத்த எண்ணிக்கையை ஒரு பத்தியிலும், நிறத்தாலும் வடிவத்தாலும் வேறுபடும் கூட்ட வகைகளின் எண்ணிக்கையை மற்றொரு பத்தியிலும் தனித்தனியே குறிக்க வேண்டும். ஆனால் மண்ணுயிர்களில் சிறு பகுதியே தட்டில் வளரும் என்பதால், உறுதியான விடைக்கு டிஎன்ஏ பரிசோதனையே தேவை.